ஆபர்ன் தெருவின் எபெனேசர் சபை

கொஞ்சம் நீளமான பதிவு இது. அவசரமாக இருந்தால் இப்போது விட்டுவிட்டு, ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாக வாசியுங்கள்.

நம் தென் மாவட்டங்களில் சில வீட்டு வாசல்களில் 'எபெனேசர் இல்லம்' என்று கல்லில் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஏற்பாட்டில் சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கல்லை நாட்டி அதற்கு வைத்த பெயர் அது. உதவியின் கல் என்று பொருள். அந்தப் பெயரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரில், ஆபர்ன் அவென்யூ என்ற தெருவில் ஒரு பாப்டிஸ்ட் சபை இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங்கின் சபை என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் கிங் பிறந்தது 1929இல். சபை தொடங்கியது 1886இல். அவர் பிறப்பதற்கு முந்தைய அந்த 43 ஆண்டுகளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை அதிகம். 37 ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் என்பதால், அந்தச் சபைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு என்னை விடவில்லை.

முதலில் பாப்டிஸ்ட் என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். வளர்ந்து, தானே விசுவாசித்து, தானே கேட்டு, தண்ணீரில் முழுவதும் மூழ்கி எடுத்துக்கொள்வதுதான் ஞானஸ்நானம். சேரம்பூர் வில்லியம் கேரி பாப்டிஸ்ட்தான். இவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. நம் கதைக்கு அதுதான் முக்கியம். மேலே பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் போதகரைத் தானே தேர்ந்தெடுக்கும். சம்பளமும் அதுவே கொடுக்கும். கட்டடமும் சபையாருக்கே சொந்தம்.

அடிமை முறை பற்றிய சண்டையில் 1845இல் தென்மாநில வெள்ளைக்கார பாப்டிஸ்ட்கள் தனியாகப் பிரிந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டார்கள். அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா கூடாதா என்பதுதான் வழக்கு. போகலாம் என்றது தெற்கு. அதற்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட அவர்களுக்கு 1995 வரை ஆயிற்று. உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலையான கறுப்பின மக்கள், வெள்ளையர் கோயிலின் பின்வரிசையிலும் மாடியிலும் உட்காராமல், தங்களுக்கென்று சபைகளைக் கட்டிக்கொண்டார்கள். நிலம் வெள்ளையருடையது. கடை, பள்ளி, நீதிமன்றம் எல்லாம் வெள்ளையர் கையில். கறுப்பர்கள் தங்கள் காசில் தாங்களே வைத்து நடத்த முடிந்த அமைப்புகளில் முதன்மையானது சபைதான். போதகருக்குச் சம்பளம் காணிக்கைத் தட்டிலிருந்து வந்தது. அதனால் அவர் வாய் திறந்து பேசலாம். கறுப்பின ஆசிரியர் நிலை அப்படி இல்லை. வெள்ளையர் நிர்வாகம் சம்பளம் கொடுத்தது; பேசினால் வேலை போகும். பிறகு 1956இல் தென் கரோலினா மாநிலத்தில் உரிமைச் சங்க உறுப்பினர் என்பதற்காகவே செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியையை வேலையிலிருந்து நீக்கினார்கள். தெற்கில் ஏன் போதகர்களே தலைவர்களானார்கள் என்று யாராவது கேட்டால், பக்தியைச் சொல்வதற்கு முன் இந்தச் சம்பளக் கணக்கைச் சொல்லுங்கள்.

எபெனேசர் சபையைத் தொடங்கியவர் ஜான் ஆண்ட்ரூ பார்க்கர். எட்டு ஆண்டுகள் நடத்தினார். 1894இல் ஏ. டி. வில்லியம்ஸ் என்ற இளைஞர் பொறுப்பேற்றபோது சபையில் 13 பேர்தான் இருந்தார்களாம், கட்டடம்கூட இல்லை. வில்லியம்ஸ் கிரீன் கவுண்டியில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவும் அடிமைகளிடையே பிரசங்கம் செய்தவர். சிறுவனாக இருந்தபோது செத்த நாய், பூனை, பாம்புக்கெல்லாம் அடக்க ஆராதனை நடத்துவாராம். தெருப் பிள்ளைகள் கூட்டமாக வந்து அழைத்துப் போவார்களாம். முறையாகப் பள்ளிக்குப் போக வாய்ப்பில்லாதவர், போதகரான பிறகு கல்லூரியில் சேர்ந்து இறையியல் பயிற்சி முடித்தார்.

முதல் ஆண்டிலேயே 65 பேரைச் சேர்த்தார். 1903இல் 400 பேர். வந்தவர்கள் யார்? பருத்திக் காட்டை விட்டு நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். சலவைத் தொழிலாளிகள், சமையல்காரிகள், ரயில்வே கூலிகள், தச்சர்கள். முகவரி தெரியாத நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கும் இடமாக அது இருந்தது. சென்னைக்குப் பிழைக்கப் போன நம் ஊர்க்காரர்கள் சங்கம் வைத்துக்கொண்டது போல என்று வையுங்கள்.

1906 செப்டம்பரில் அட்லாண்டாவில் பெரிய கலவரம். கறுப்பர்கள் வெள்ளைக்காரப் பெண்களைத் தாக்கினார்கள் என்று பத்திரிகைகள் நாள் முழுக்கச் சிறப்புப் பதிப்புகளாக அச்சடித்து விற்றன. அன்று இரவு கும்பல் தெருவில் இறங்கியது. செத்த கறுப்பர்கள் 25 பேருக்குக் குறையாது என்கிறார்கள். அதன் பிறகு நகர மையத்தில் கடை வைத்திருந்த கறுப்பர்கள் மெல்ல ஆபர்ன் அவென்யூப் பக்கம் நகர்ந்தார்கள். காப்பீட்டு நிறுவனம், வங்கி, மருந்துக்கடை, முடிதிருத்தகம், பத்திரிகை எல்லாம் அந்த ஒரே தெருவுக்கு வந்தன. 1956இல் ஃபார்ச்சூன் இதழ் உலகிலேயே பணக்காரக் கறுப்பினத் தெரு என்று இதைத்தான் எழுதியது. ஒதுக்கப்பட்டதால் உருவான செல்வம். பெருமையும் வேதனையும் ஒன்றாகக் கலந்தது.

அந்தத் தெருவும் ஜாக்சன் தெருவும் சந்திக்கும் மூலையில் எபெனேசர் சபை மனை வாங்கியது. 1914இல் கட்டட வேலை தொடங்கியது. கீழ்த்தளம் முடிந்ததும் அதிலேயே ஆராதனையைத் தொடங்கிவிட்டார்கள். மேலே கோயில் முழுதாக எழும்பி முடிய 1922 ஆயிற்று. எட்டு வருடம்! சிவப்புச் செங்கல் கட்டடம். கையில் காசு வரவரக் கட்டிய கட்டடம் என்பது தேதியைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்த எட்டு வருடத்துக்குள்தான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது.

1920 கணக்கெடுப்பில் அட்லாண்டாவில் ஏறத்தாழ 2 லட்சம் பேர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாகக் கறுப்பினத்தவர். அத்தனை பேருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிகூடக் கிடையாது. மேலே படிக்க வேண்டுமென்றால் மிஷன் கல்லூரிகள் நடத்திய தனியார் வகுப்புகளில் பணம் கட்டிப் படிக்க வேண்டும். அதுவும் போதாதென்று 1917இல் பள்ளி நிர்வாகம் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்பையே எடுத்துவிடத் திட்டமிட்டது. மிச்சமாகும் பணம் வெள்ளையர் பள்ளிக்கு. அந்த ஆண்டில்தான் என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமைச் சங்கத்துக்கு அட்லாண்டாவில் கிளை தொடங்கினார்கள். செயலாளர் வால்டர் ஒயிட் என்ற இளைஞர். தொடங்கியவர்களில் வில்லியம்ஸும் ஒருவர். நிர்வாகத்திடம் நேரில் போய் வாதாடி ஏழாம் வகுப்பைக் காப்பாற்றினார்கள். ஒரு வகுப்பைக் காப்பாற்றுவது சின்ன வெற்றி என்று தோன்றலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன பெண்பிள்ளைகளின் வீட்டு வாசலில் போய் நின்று பேசியிருக்கும் ஆசிரியைகளைக் கேட்டுப் பாருங்கள்.

1918இல் வில்லியம்ஸ் கிளைத் தலைவரானார். ஐந்து மாதத்தில் உறுப்பினர் எண்ணிக்கை 1,400 ஆனது. அப்போது ஜார்ஜியாவில் கறுப்பர்கள் கட்சியின் உட்தேர்தலில் ஓட்டுப் போட முடியாது, வெள்ளையருக்கு மட்டும். அங்கே ஒரே கட்சி ஆண்டதால் உட்தேர்தல்தான் உண்மையான தேர்தல். ஆனால் ஒரு சந்து திறந்திருந்தது. நகராட்சி கடன் பத்திரம் வெளியிட வேண்டுமென்றால் தனி வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அதில் கறுப்பர்களும் வாக்களிக்கலாம். சாதாரணப் பெரும்பான்மை அங்கே போதாது. கொஞ்சம் பேர் எதிர்த்தாலும் கவிழ்த்துவிடலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் வர வேண்டுமானால் தலைவரி கட்ட வேண்டும், பாக்கி இருந்தால் அதையும் சேர்த்து. சலவை செய்து பிழைப்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை. இருந்தும் கட்டினார்கள், பதிவு செய்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத கடன் திட்டங்களை 1919இல் தோற்கடித்தார்கள். கழிவுநீர், தெரு, பள்ளி என்று நகரத்தின் எல்லா வேலையும் அதோடு நின்றது.

1921இல் நகராட்சி இறங்கி வந்தது. புதிய கடன் திட்டத்தில் கறுப்பினப் பள்ளிகளுக்கும் பங்கு ஒதுக்கியது. வாக்கெடுப்பும் ஜெயித்தது. 1924இல் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி திறந்தது. அட்லாண்டாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான முதல் அரசு உயர்நிலைப் பள்ளி. 18 ஆண்டுகள் கழித்து அதே பள்ளியில் சேர்ந்த மாணவர்களில் ஒருவர் வில்லியம்ஸின் பேரன், மார்ட்டின் லூதர் கிங். தாத்தா அதைப் பார்க்க இல்லை. 1931 மார்ச்சில் இறந்துபோனார்.

அடுத்து வந்தவர் மருமகன், பெரிய கிங். இவர் கதை எனக்கு இன்னும் பிடித்தது. ஸ்டாக்பிரிட்ஜ் என்ற ஊரில் வாரக் குத்தகை விவசாயியின் மகன். ஒருநாள் நிலக்காரர் கணக்குப் பார்க்கும்போது, பருத்தி விதை விற்ற காசு அப்பா கணக்கில் வரவில்லையே என்று சிறுவன் கேட்டுவிட்டான். கணக்குச் சரி, கேட்டதுதான் குற்றம். நிலக்காரர் அவனை அடிக்க வராத குறை. பின்னால் அட்லாண்டாவுக்கு வந்து, இருபது வயது தாண்டிய ஆள், சோதித்துப் பார்த்துவிட்டு ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தார். படிப்பில் கை கொடுத்தவர் வில்லியம்ஸின் மகள் ஆல்பர்ட்டா. மோர்ஹவுஸ் கல்லூரி நுழைவுத் தேர்வில் தேறவில்லை. கல்லூரித் தலைவர் ஜான் ஹோப் தன் பொறுப்பில் சேர்த்துக்கொண்டார். 1930இல் பட்டம் வாங்கினார். நம்மில் எத்தனை பேர் வயது வந்தோர் கல்வி, அறிவொளி வகுப்புகள் நடத்தியிருக்கிறோம்! முதல் நாள் சிலேட்டை மறைத்துக்கொண்டு உட்காரும் அந்த முகம் உங்களுக்கும் நினைவிருக்கும்.

பொருளாதார மந்தக் காலத்தில் கடனில் மூழ்கியிருந்த சபையை அவர் மீட்டார். 1934இல் பெர்லினில் நடந்த உலக பாப்டிஸ்ட் மாநாட்டுக்குப் போய்வந்தார். அந்தக் காலத்தில்தான் மைக்கேல் என்ற தன் பெயரையும் மகன் பெயரையும் மார்ட்டின் லூதர் என்று மாற்றிக்கொண்டார். எனக்கு இதைவிட முக்கியம் வேறொன்று. அட்லாண்டாவில் வெள்ளை ஆசிரியருக்கு ஒரு சம்பள அட்டவணை, கறுப்பின ஆசிரியருக்கு இன்னொரு அட்டவணை. அதே படிப்பு, அதே வேலை. ஆசிரியர்கள் பேச முடியாத இடத்தில் அவர்களுக்காகச் சம சம்பளம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடியவர்களில் முன்னால் நின்றவர் இந்தப் போதகர். அவர் சம்பளத்தைப் பள்ளி நிர்வாகம் நிறுத்த முடியாதே.

ஆல்பர்ட்டாவைப் பற்றி எழுதாவிட்டால் இந்தப் பதிவு எழுதியதில் அர்த்தமில்லை. ஹாம்ப்டன் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியவர். கொஞ்ச காலம் பாடமும் நடத்தினார். 1926இல் கல்யாணம். திருமணமான பெண் ஆசிரியராக இருக்கக் கூடாது என்பது அப்போது அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகத்தின் விதி. வேலை போயிற்று. கையில் சான்றிதழ், நுழைய வகுப்பறை இல்லை. அவர் கோயிலுக்குள் வந்து ஆர்கன் முன்னால் உட்கார்ந்தார். பாடகர் குழுவை உருவாக்கினார். அங்கே சொல்லிக்கொடுத்தார். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே 1938இல் பட்டமும் வாங்கினார். மூத்த மகள் கிறிஸ்டின் ஸ்பெல்மன் கல்லூரியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தினார்.

எல்லாமே பெருமைக் கதை இல்லை. 1939 டிசம்பரில் 'கான் வித் த விண்ட்' படத்தின் முதல் காட்சிக்கு முந்தின இரவு வெள்ளையர்கள் ஒரு நடன விருந்து வைத்தார்கள். எபெனேசர் பாடகர் குழு அங்கே அடிமை வேடம் போட்டுப் பாடியது. வேடம் போட்ட சிறுவர்களில் பத்து வயது மார்ட்டினும் ஒருவன். அந்தப் படத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கப் போகிற ஹாட்டி மெக்டேனியலே அட்லாண்டா காட்சிக்கு வர முடியவில்லை, கறுப்பினப் பெண் என்பதால். வெள்ளையர் மட்டும் கூடும் விருந்துக்கு, அதுவும் குடியும் நடனமும் உள்ள இடத்துக்கு, சபையை அழைத்துப் போகலாமா என்று மற்ற கறுப்பினப் போதகர்கள் பெரிய கிங்கைக் கண்டித்தார்கள். கண்டித்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

மகன் கிங்கின் வாழ்க்கை உங்களுக்குத் தெரியும் என்பதால் சபையோடு சேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். 1948இல், 19 வயதில், இந்தச் சபையிலேயே போதகராக அபிஷேகம் பெற்றார். மான்ட்கமரி பஸ் போராட்டம் வென்றதும் 1957 ஜனவரியில் தெற்கின் போதகர்களும் தலைவர்களுமாகச் சுமார் 60 பேர் கூடியது இந்தக் கோயிலில்தான். அவர் கடைசிவரை தலைமை தாங்கிய அமைப்பு அங்கே உருவானது. 1960இல் மான்ட்கமரியை விட்டு வந்து அப்பாவோடு இணைப் போதகரானார்.

1965 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாள், ஞாயிறு. அன்று எபெனேசர் மேடையில் அவர் சொன்ன ஒரு சம்பவம் நமக்கு நெருக்கமானது. 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனாராம். தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டப்படாதவர் என்றாராம். முதலில் அதிர்ச்சி, கொஞ்சம் கோபமும். பிறகு யோசித்துப் பார்த்து, ஆமாம், நானும் அப்படித்தான், என் நாட்டுக் கறுப்பர் ஒவ்வொருவரும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். அவருடைய கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேஸுக்கும் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே மைசூரில் ஒரு தலைமையாசிரியரிடமிருந்து இதே அறிமுகம் கிடைத்தது. நம் பள்ளிகளில் தனித் தண்ணீர்ப் பானை வைத்திருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1968 பிப்ரவரி 4 அன்று அதே மேடையில், தன் அடக்க ஆராதனையில் என்ன பேச வேண்டும் என்று அவரே சொன்னார். நோபல் பரிசைச் சொல்ல வேண்டாம், எங்கே படித்தேன் என்பதும் வேண்டாம், அடுத்தவருக்கு உழைக்க முயன்றேன் என்று சொன்னால் போதும் என்றார். சரியாக இரண்டு மாதம் கழித்து ஏப்ரல் 4இல் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொன்றார்கள். 9ஆம் தேதி எபெனேசரில் அடக்க ஆராதனை. மனைவி கேட்டுக்கொண்டபடி அந்தப் பிரசங்கத்தின் ஒலிநாடாவைப் போட்டார்கள். பெட்டிக்குள் இருப்பவர் குரல் கோயிலுக்குள் ஒலித்தது. அதன் பிறகு கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியில் ஊர்வலம். அடுத்த ஆண்டு தம்பி ஏ. டி. கிங் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார்.

1974 ஜூன் 30, ஞாயிறு ஆராதனை. ஆல்பர்ட்டா வழக்கம்போல ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதை நெருங்கியவர். ஒஹையோவிலிருந்து வந்திருந்த 23 வயது கறுப்பின இளைஞன் முன்வரிசைப் பக்கத்திலிருந்து எழுந்து சுட்டான். பெரிய கிங்கைக் கொல்ல வந்தவன், அருகில் இருந்த அவர் மனைவியைச் சுட்டான். ஆல்பர்ட்டாவும் எட்வர்ட் பாய்கின் என்ற உதவிக்காரரும் இறந்தார்கள். இன்னொரு பெண்ணுக்குக் காயம். திருமணம் ஆனதால் வகுப்பறையை இழந்தவர், அதற்குப் பதிலாகத் தேடிக்கொண்ட இடத்திலேயே உயிரையும் விட்டார். மகன் பெயர் தெரிந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்காவது இந்த அம்மாவின் முடிவு தெரிந்திருக்குமா?

நீதிமன்றம் கொலையாளிக்கு மரண தண்டனை விதித்தது. கிங் குடும்பம் மரண தண்டனையை எதிர்த்தது, தன் அம்மாவைக் கொன்றவன் விஷயத்திலும். 1995இல் அது ஆயுள் தண்டனையாக மாறியது. அதற்கு ஒரு காரணம் குடும்பத்தின் அந்த எதிர்ப்பு.

1975இல் ஜோசப் ராபர்ட்ஸ் போதகரானார். 1894க்குப் பிறகு அந்தக் குடும்பத்தைச் சேராத முதல் ஆள். பெரிய கிங் 1984இல் காலமானார். இதற்குள் தெருவே மாறிவிட்டிருந்தது. நகரத்தின் நடுவே போட்ட பெரிய நெடுஞ்சாலை ஆபர்ன் அவென்யூவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. தனிப் பிரிவினைச் சட்டங்கள் ஒழிந்ததும் வசதியுள்ளவர்கள் வேறு பகுதிகளுக்குக் குடிபோனார்கள், கடைகள் மூடின. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய ஆட்கள் தூரத்திலிருந்து வந்தார்கள். சுற்றுலாப் பயணிகளும் சேர, இடம் போதவில்லை. 1999இல் எதிர்ப்பக்கமே பெரிய கோயில் ஒன்றைக் கட்டிக் குடியேறினார்கள். 2005இல் போதகரான ராபியல் வார்னாக் 2021 ஜனவரியில் ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டரானார். போதகர் பொறுப்பையும் விடவில்லை.

பழைய செங்கல் கோயிலை அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. 1960களில் எப்படி இருந்ததோ அப்படியே புதுப்பித்து 2011இல் திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் பெஞ்சில் உட்காரலாம். மகன் கிங்கின் பிரசங்க ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிறு காலை ஆராதனைக்குச் சபையார் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிறார்கள். 1924இல் திறந்த அந்த உயர்நிலைப் பள்ளி இன்றும் நடக்கிறது.